மென்சாவின் கலியாணத் திகதி

குடிவரவு விண்ணப்பம் நிரப்பும் வேலை என்பது பிறர் குடும்பத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் அடக்குகிற வேலை. மனைவியையோ புருசனையோ ஸ்பொன்சர் செய்யப்போய், படிவம் திரும்பி வந்து தலையில் கைவைத்த சக பாவிகளே, மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவளும் நிம்மதியாக இல்லை. கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரு லோயரிடம் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள், யாழ்ப்பாணத்துத் தமிழர். மீதியில் பலர் மேற்கு ஆபிரிக்காவின் கானா நாட்டவர்கள். பக்கத்துக் கட்டடத்தில் அவர்களுடைய தேவாலயம் இருக்கிறது. அவர்களில் மென்சா என்பவரிடம் நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுந்தது.

ராசாவின் கடிதம்

மென்சா பிறம்ரனில் லொறி ஓட்டுபவர். ஊரில் இருக்கும் மனைவி எஃபுவாவையும் மகளையும் கூப்பிட வந்தார். அவர் முதலில் நீட்டியது, எஃபுவா இவருடைய மனைவிதான் என்று அவருடைய ஊர் ராசா முத்திரை குத்திக் கொடுத்த கடிதம். ராசா காலமெல்லாம் போய்விட்டது, ஒரு எம்.பி.யிடம் வாங்கி வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கானாவின் அரசியலமைப்பில் ஊர் ராசாக்களுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறதாம். ராசாவாக இருப்பவர் கட்சி அரசியலில் இறங்கக் கூடாதாம், இறங்குவதென்றால் பதவியை விட்டுவிட வேண்டுமாம். எங்கள் நாட்டில் கட்சி இல்லாத ஒரு பெரிய மனிதரையாவது சொல் பார்ப்போம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மென்சா கடிதத்தை மறுபடியும் என் பக்கம் தள்ளினார்.

"எம்.பி. நாலு வருசத்தில மாறிப்போவார். ராசாவுக்குத்தான் ஆர் ஆற்ற பிள்ளை எண்டு தெரியும்."

என் சீதனக் காணி

அடுத்தமுறை வந்தபோது இன்னொன்று சொன்னார். ஊர் வழக்கமும் நாட்டின் சட்டங்களில் ஒன்று என்று அந்த அரசியலமைப்பே சொல்கிறதாம். வழக்கம் வேறு, சட்டம் வேறு என்று நான் கொஞ்சம் மிதப்பாகச் சிரித்துவிட்டேன்.

பக்கத்து மேசையில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த ரதிக்கு அது பொறுக்கவில்லை. போன வருடம் சாவகச்சேரியில் இருந்த என் சீதனக் காணியை விற்க நான் அலைந்ததை அவளே மென்சாவுக்கு எடுத்துவிட்டாள். காணி என் பெயரில்தான். ஆனாலும் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கென்று இருக்கும் தேசவழமைச் சட்டப்படி, புருசனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் நான் அதை விற்க முடியாது. பிறகு ரதி என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்கட வழக்கம் சட்டமெண்டால், அவற்ற வழக்கமும் சட்டம்தானே?"

எழுத்தும் போத்தலும்

இவ்வளவு படித்தும் பிழை விட்டேன். எங்களுக்குச் சட்டப்படி கலியாணம் என்றால் பதிவுதான். அதை 'எழுத்து' என்போம். எழுத்து முடிந்த பிறகும் தாலி ஏறும்வரை பெண் தாய்வீட்டில் இருப்பாள். அந்தப் பழக்கத்தில் நான் மென்சாவின் பதிவுப் பத்திரத்தில் இருந்த திகதியைக் 'கலியாணத் திகதி' என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டேன். லோயர் அண்ணை வாசித்துவிட்டு, பெண்வீட்டார் போத்தலை எப்போது வாங்கினார்கள் என்று கேட்டார். கானாவில் மாப்பிள்ளை வீட்டார் சாராயப் போத்தல் கொண்டுபோய் வைப்பார்கள். வாங்கட்டுமா என்று பெண்ணிடம் மூன்று தரம் கேட்பார்கள். அவள் ஓம் சொல்லி, பெண்வீட்டார் வாங்கினால் கலியாணம் முடிந்தது. பதிவு பிறகு வசதிப்படி செய்வது.

போத்தல் வாங்கியது அவர் கனடாவுக்கு வருவதற்கு நான்கு மாதம் முன்பு. பதிந்தது ஒன்றரை வருடம் கழித்து, லீவில் போனபோது. இடையில் இங்கே வந்திறங்கிய அன்று, பத்திரம் இன்னும் இல்லைத்தானே என்று, கலியாணமாகாத தனியாள் என எழுதிக் கொடுத்திருக்கிறார். வந்திறங்கும்போது மறைத்த மனைவியைப் பிறகு கூப்பிட முடியாது என்பது இங்குள்ள சட்டம். அவருடைய வதிவுரிமைக்கே ஆபத்து வரலாம். லோயர் அண்ணை அதைப் பக்குவமாக விளக்கிவிட்டு, தொலைபேசி எடுக்க வெளியே போனார்.

அந்த இரண்டு நிமிடத்தில் நான் செய்ததைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. போத்தல் கதையை விடுங்கள், பத்திரத்துத் திகதியே இருக்கட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று மெல்லச் சொன்னேன். இரக்கத்தில்தான் சொன்னேன். மென்சா கைத்தொலைபேசியில் மகளின் படத்தைக் காட்டினார். அவர் வந்து ஐந்தாம் மாதம் பிறந்த பிள்ளை.

"அண்டைக்கு நடந்தது கலியாணமில்லையெண்டு நானே எழுதிக் குடுத்தால், இவள் ஆர்?"

எஃபுவாவின் பதில்

ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதினோம். அன்று ஏன் தனியாள் என்று எழுதினார் என்பதையும், அது பிழை என்பதையும் ஒப்புக்கொண்டு, மனிதாபிமான அடிப்படையில் மன்னிக்கும்படி ஒரு கடிதம். அதை நான்தான் தட்டச்சு செய்தேன். பிறகு காத்திருப்பு. மென்சா லொறியை வீதியோரம் நிறுத்திவிட்டு எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். ஒன்றும் வரவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் எஃபுவாவை மட்டும் அங்கே தனியாக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று நான் பதறினேன். மென்சா ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மன்னிப்புக் கிடைத்தது. போன மார்கழியில் மூன்று பேரும் ஒஃபிசுக்கு வந்தார்கள். அந்தச் சின்னவள் ரதியின் கதிரையில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தாள். விசாரணையில் என்ன கேட்டார்கள் என்று எஃபுவாவிடம் கேட்டேன். என் சொல்லைக் கேட்டிருந்தால் புருசன் ஒரு திகதியும் பெண்சாதி இன்னொரு திகதியும் சொல்லியிருப்பார்கள், இந்தக் கதிரை சுற்றியிருக்காது. எஃபுவாவுக்கு அதொன்றும் தெரியாது.

"எப்ப கலியாணம் முடிச்சனீ எண்டு கேட்டினம். என்னட்ட இருந்தது ஒரு நாள்தானே, அதைச் சொன்னனான்."

அன்றிலிருந்து எழுத்து எப்போது என்று கேட்பதை விட்டுவிட்டு, கலியாணம் எப்போது என்று மட்டும்தான் எல்லாரையும் கேட்கிறேன். எங்கள் ஆட்கள்தான் 'எது?' என்று திருப்பிக் கேட்கிறார்கள்.