மோரக்கின் இடது தோள்

இந்தத் தொழிலில் நாள் முழுக்க மனிதர்களைத் தொடலாம். நடுவில் ஓர் அளவு நாடா இருக்க வேண்டும், அவ்வளவுதான். கழுத்து வளைய ஊசி பிடிக்கிற சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் உடுப்புத் திருத்துகிற கடையொன்றில் தைக்கிறேன். பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் ஸ்கொட்லாந்துக்காரர்கள் மாதமொரு முறை கூடி ஆடுவார்கள். அவர்களின் கில்ட்டுகள், இடுப்பில் சுற்றிக் கட்டுகிற கட்டம் போட்ட மடிப்புப் பாவாடைகள், எங்களிடம்தான் வரும். அவர்கள் பேசுகிற ஆங்கிலத்துக்கு எங்கள் யாழ்ப்பாணப் பேச்சுத்தான் பொருந்துகிறது, அப்படியே தருகிறேன்.

பூட்டு எந்தப் பக்கம்

மோரக் என் வயதுக்காரி. போன பனிக்காலத்தில் கணவர் இறந்துவிட்டார். அவருடைய கில்ட்டைக் கொண்டுவந்து, இடுப்பைச் சிறிதாக்கித் தரச் சொன்னார். இனித் தானே அதை உடுத்தப்போகிறாராம். பச்சையும் நீலமுமாகக் கட்டம். மழை பெய்து ஓய்ந்த நிறம்.

ஆண்களின் கில்ட் தோல் வாரால் வலப்பக்கம் பூட்டும், பெண்களுடையது இடப்பக்கம். "பக்கம் மாற்றித் தைக்கவா?" என்று கேட்டேன். மோரக் அந்த வாரின் தேய்ந்த தோலைத் தடவிக்கொண்டே நின்றார்.

"வேண்டாம். அவரின்ரை கை போன இடத்திலேயே என்ரை கையும் போகட்டும்."

வாங்கிப் போகாத கில்ட்

தைத்து முடித்தும் அவர் வரவில்லை. கில்ட் கம்பியில் தொங்கியது. கதவு திறக்கும்போதெல்லாம் அதன் மடிப்புகள் மெல்ல அசைந்து அடங்கும். ஆட்டம் நடக்கிற சனிக்கிழமை மத்தியானம்தான் வந்தார், அதுவும் "கில்ட் இங்கேயே இருக்கட்டும், நான் போகவில்லை" என்று சொல்லிவிட்டுப் போக. அந்தக் கூட்டத்தில் கலகலவென்று கதைத்தவர் கணவர்தானாம். இவர் பக்கத்தில் நின்று சிரித்தவர். தனியாகப் போனால் சுவரோரக் கதிரையில் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்றார்.

அந்தக் கதிரையை எனக்குத் தெரியும். கடை முதலாளி ரஞ்சன், என் மகன் வயது, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தமிழில் சொன்னான்:

"அன்ரி, அவவை விடாதேங்கோ. நீங்கள்தான் ஒவ்வொரு கலியாண வீட்டிலையும் மூலைக் கதிரையில இருந்திட்டு வாறனீங்கள். அந்தக் கதிரைக்கு இன்னொரு ஆளையும் பழக்காதேங்கோ."

சால்வை

மோரக்கைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் உடுத்த வைத்தேன். கில்ட்டோடு தந்திருந்த, தோளில் போடுகிற கட்டச் சால்வை மிஞ்சியது. அதைக் கணவர்தான் குத்திவிடுவாராம்; மோரக்கின் விரல் மூட்டுகள் வீங்கிக் கிடந்தன. நான் குத்திவிட்டேன். மடிப்பு மடிப்பாக எடுத்து, இடது தோளில், ஊசி வெளியே தெரியாமல். கண்ணாடியைப் பார்த்தால் இருக்கிற துணிவும் போய்விடும் என்று பார்க்காமலே மண்டபத்துக்கு நடந்தார்.

திங்கட்கிழமை மோரக் திரும்ப வந்து சொன்னபோதுதான் என் பிழை தெரிந்தது. அவர்கள் வழக்கத்தில் சாதாரணப் பெண்களுக்கு வலது தோள். இடது தோளில் போடுகிறவள் குலத்தலைவரின் மனைவி. என் கை அறுபது வருட முந்தானைப் பழக்கத்தில் போய்விட்டது. மண்டபமே மோரக்கைச் சூழ்ந்து, "எப்பவடி தலைவரைக் கட்டினனீ?" என்று கேட்டிருக்கிறது. ஒரு கிழவர் குனிந்து வணங்கி ஆட அழைத்தாராம். பிறகு ஒவ்வொருவராகக் கணவரைப் பற்றி விசாரித்தார்களாம். கதிரையில் இருக்கவே விடவில்லையாம்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மன்னித்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் வலது தோளிலேயே குத்திவிடுகிறேன் என்றேன். மோரக் என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் நாடா இல்லை.

"ஐயோ, வேண்டாம். சரியான தோளில குத்தினால் ஆரும் கதைக்க வரமாட்டினம்."

இத்தனை காலமாக நான் லண்டனில் முந்தானையைச் சரியான தோளிலேயே போட்டுக்கொண்டு நடக்கிறேன்.