டர்ன்டேபிள் வாங்குமுன் வீட்டைக் காட்டுங்கள்

இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள் விற்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு, வருகிறவர் யாரும் அவசரமாக வருவதில்லை; ஒரு தொல்லையும் உண்டு, வந்தவர் யாரும் சீக்கிரம் போவதுமில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஹைஃபை கடையில் பதினெட்டு வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிய என் இனத்தவரே, நீங்கள் விற்பது புடவையோ போனோ பாத்திரமோ, "இதைவிட நல்லது எது?" என்ற கேள்வி உங்களுக்கும் பழகியிருக்கும். எங்கள் கடையில் அதற்கு அப்கிரேட் என்று பெயர்.

நான் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. "முதல்ல வீட்டக் காட்டுங்க" என்பேன். என் பையில் ஊசியின் பாரத்தை நிறுக்க ஒரு குட்டித் தராசு, ஒரு ரசமட்டம், ஒரு டார்ச் எப்போதும் இருக்கும். வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் பாதி நேரம் எதையும் விற்க வேண்டியிருக்காது. பாஸுக்கு இது பிடிக்காது. எனக்கோ, சொல்வதற்கென்ன, இதில்தான் பெருமை.

பாடகருக்கு விக்கல்

கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் வந்தார். அத்தா விட்டுப்போன ரெக்கார்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, டர்ன்டேபிள் மட்டும் சரியில்லை, இருப்பதிலேயே நல்லதாக ஒன்று கொடு என்றார். என்ன கோளாறு என்று கேட்டேன். "பாடுறவருக்கு விக்கல் வருது மா. எல்லாப் பாட்டுலயும் வருது" என்றார். வழக்கம்போல வீட்டைக் காட்டச் சொன்னேன்.

கடைக்கு மேலேயே வீடு. டர்ன்டேபிளின் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். மோட்டாரையும் தட்டையும் இணைக்கும் பெல்ட்டைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் மூன்று ரப்பர் பேண்டுகள், முடிச்சுப் போட்டு. தே ஆயிஸ் என்கிற ஐஸ் டீயைப் பொட்டலம் கட்டுகிற அதே சிவப்பு ரப்பர் பேண்டுகள். ஒவ்வொரு முடிச்சும் மோட்டாரில் ஏறி இறங்கும்போது பாடகருக்கு ஒரு விக்கல். புது பெல்ட் ஒன்றைப் போட்டேன், அவ்வளவுதான். பாட்டு நேராக ஓடியது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இவ்ளோ நாளா அந்தாளு குடிச்சிட்டுப் பாடியிருக்காருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே மா."

ஒரு நாளைக்கு ஒரு பக்கம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெள்ளைக்கோல் தட்டும் சத்தம் மாடிப்படியில் கேட்டது. செல்வம் அண்ணன் வந்தார். இதே தெருவில் இருக்கும் மசாஜ் நிலையத்தில் வேலை. கண் பார்வை இல்லை. வந்ததும் எங்கள் கடையில் ஹெட்போன் விற்கும் குமரன், பேசினால் பாடும் ஸ்பீக்கர் ஒன்றை அவர் கையில் வைத்தான். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா இருக்கு தம்பி. நான் கேட்டது ரெக்கார்ட் போடுறதுக்கு."

விஷயம் இதுதான். அவர் வீட்டில் இருந்தது தானாகவே ஊசியை வைக்கும் பழைய டர்ன்டேபிள். அந்தப் பொறி கெட்டுப்போய்விட்டது. இப்போது அவர் மனைவி சாந்தி அக்கா, பள்ளிக்கூட கெண்டினுக்கு வேலைக்குக் கிளம்புமுன் ஊசியை வைத்துவிட்டுப் போகிறார். இருபது நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும். அதன்பிறகு மறுநாள் காலைவரை பாட்டு கிடையாது. தானே வைத்துப் பார்த்ததில் இரண்டு ஊசி உடைந்தது. வேறு இரண்டு கடைகளில் கேட்டாராம், ஆட்டோமேட்டிக் வாங்குங்கள் அல்லது போனில் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆட்டோமேட்டிக் எப்போதும் முதல் பாட்டில்தான் தொடங்கும், அவருக்குப் பிடித்ததோ இரண்டாம் பக்கத்து மூன்றாம் பாட்டு.

குமரன் மெதுவாக என் காதில், "முடியாதுன்னு சொல்லிடுங்க அக்கா" என்றான். நான் சத்தமாக, "உங்க கையாலயே போடுவீங்கண்ணே, அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கு ஒன்றும் தெரியாது. வாய் முந்திக்கொண்டது. அண்ணன் சிரிக்கவில்லை. "முப்பது வருஷமா இந்தக் கையாலதான் பொழைக்கிறேன் தங்கச்சி. இந்தக் கைய நம்புற மெஷினா பாத்துக் குடு."

பேர் எழுதாத கல்

அந்த வாரமே பண்டமாரானுக்குப் போக வேண்டியிருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சிவா, விலை கூடிய டர்ன்டேபிள் ஒன்றைப் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவர் வீட்டு வாசலில் கொண்டெய்னர் லோரி போகும்போதெல்லாம் ஊசி துள்ளுகிறது. அதை வாங்கினால் துள்ளாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால், டர்ன்டேபிள் ஒரு மெல்லிய டிவி அலமாரியின் மேல் உட்கார்ந்திருந்தது. லோரி வருமுன்பே, அவருடைய நாய் வாலை ஆட்டினாலே அலமாரி ஆடியது.

கிள்ளானில் கல்லறைக் கல் செதுக்கும் பட்டறைக்கு அவரைக் கூட்டிப் போனேன். வெட்டி மிஞ்சிய கறுப்புக் கருங்கல் பலகைகள் அங்கே சாய்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து வந்து, சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் டியூப் ஒன்றில் பாதிக் காற்றடித்து, அதன்மேல் கல்லை வைத்து, கல்லின்மேல் டர்ன்டேபிளை வைத்தோம். மூன்று லோரி போனது. ஊசி அசையவில்லை. கல்லை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தபோது எனக்குச் செல்வம் அண்ணன் ஞாபகம் வந்தது. தேடி வரும் கை முதலில் மேசையில்தான் இடிக்கும். அவருக்கும் இப்படி ஒரு கல் வேண்டும். கை பட்டால் ஆடாமல் இருக்க டியூப் இல்லாமல், வெறும் கல்.

சிவாவின் மனைவி சமையலறையிலிருந்து வந்து கல்லை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "கல்லு சரிதான் அக்கா. அதுல அவரு பேர மட்டும் எழுத வேணாம்னு சொல்லுங்க."

கண்ணைக் கட்டி வியாபாரம்

கல் கிடைத்துவிட்டது, வழி கிடைக்கவில்லை. கடையில் கூட்டம் இல்லாத மத்தியானம் ஒன்றில் என் துப்பட்டாவால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு டெமோ டர்ன்டேபிள் முன் நின்றேன். முதல் தடவை ஊசி ரெக்கார்டுக்கு வெளியே ரப்பர் விரிப்பில் இறங்கியது. இரண்டாவது தடவை பாட்டின் நடுவில். மூன்றாவது தடவை எங்கே இறங்கியது என்று தெரியவில்லை, சத்தம் மட்டும் தெரிந்தது. ஓர் ஊசி போய்விட்டது. யாரோ ஒரு வாடிக்கையாளர் படியேறி வந்து, கண்ணைக் கட்டிய விற்பனைக்காரியைப் பார்த்துவிட்டு, அப்படியே இறங்கிப் போனாராம்.

ஆனாலும் ஒன்று புரிந்தது. நான் ஊசி இருக்கும் முனையையே தேடிக்கொண்டிருந்தேன். அங்கே தொட்டால் எல்லாம் ஆடும். ஊசியைத் தாங்கும் அந்த நீளக் கைக்கு இன்னொரு முனை இருக்கிறது, அது திருகி நிற்கும் பக்கம். அங்கே அசைவு கொஞ்சம்தான், கீழே பெட்டியின் மரம் சும்மா இருக்கிறது. அங்கே ஓர் இடத்தில் விரலை நட்டு வைத்து, நீளக் கை வந்து அந்த விரலில் தொடும்வரை நகர்த்தினால், ஊசி சரியாக முதல் பாட்டின் தலைமாட்டில் நிற்கும். பிறகு ஊசியை இறக்குகிற குட்டி லீவரைத் தட்டினால் போதும். மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு பத்துத் தடவை செய்தேன். ஒன்பது தடவை சரியாக விழுந்தது.

கட்டை அவிழ்த்தபோது பாஸ் எதிரே நின்றிருந்தார். இதே பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த சீனர், தமிழ் நன்றாகவே புரியும், பேசுவது அவர் பாணியில். "அமுதா, கண்ணு தொறந்து நீ விக்காது. கண்ணு மூடி எப்படி விக்கும் லா?"

நிதானமான பிள்ளை

செல்வம் அண்ணனை வரச் சொல்லி மூன்று டர்ன்டேபிள்களை வரிசையாக வைத்தேன். எது என்ன விலை என்று சொல்லவில்லை. குமரனிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் ஒவ்வொன்றின் மேலும் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தார். முதுகைத் தொட்டுப் பார்ப்பது போலத்தான் இருந்தது. முதலாவதில் கையை எடுத்துவிட்டார். "இதுக்கு நாடி படபடன்னு அடிக்குது." மோட்டாரின் அதிர்வு பெட்டிக்கு வருகிறது என்று அர்த்தம். நாங்கள் அதைக் கண்டுபிடிக்க ஆம்ப்ளிஃபயரை முழுச் சத்தத்தில் வைத்துக் காதைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவதுதான் எங்கள் கடையிலேயே விலை கூடியது. குமரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒற்றை முள்ளின் மேல் நிற்கிற நீளக் கை அதற்கு, காதுக்கு அருமை. அண்ணன் ஒரு விரலால் தொட்டார். "இது நழுவுது தங்கச்சி. எங்க நிக்குதுன்னு சொல்ல மாட்டேங்குது." மூன்றாவது கனமான மரப்பெட்டி, வேகத்தை மாற்றும் குமிழ் 'டக்' என்று நிற்கும். லீவரை இறக்கினால் ஊசி அவசரமே இல்லாமல் கீழே வரும். அதை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி ஏழெட்டுத் தடவை பார்த்தார். வீட்டைப் பார்த்துவிட்டு நான் சொல்ல வேண்டிய பதிலை அவரே சொல்லிவிட்டார். "மூணுல இதுதான் நிதானமான பிள்ள. இதையே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நெற்றியிலிருந்து பெட்டிக்கு

ஞாயிற்றுக்கிழமை அவர் ஃப்ளாட்டுக்குப் போனேன். கல்லை வைத்து, ரசமட்டம் பார்த்து, ஊசியின் பாரத்தை நிறுத்து, விரல் நிற்க வேண்டிய இடத்தில் டேப்பைச் சிறு துண்டாக வெட்டி ஒட்டினேன். கடையில் எனக்கு ஒத்துவந்த டேப் அவருக்கு ஒத்துவரவில்லை. மசாஜ் எண்ணெய் ஊறிய விரல். இரண்டு தடவை தடவியதும் டேப் கழன்று வந்துவிட்டது. அரிசி மணியைப் பசை போட்டு ஒட்டினேன். அது விரலைக் குத்தியது. முடியாதுபோல என்று சாந்தி அக்காவின் முகம் சொல்லியது. பொறுப்பு என்று கடையில் நான் விட்ட வார்த்தை நினைவுக்கு வந்தது. நெற்றி வியர்த்தது. துடைக்கப் போன கையில் தட்டுப்பட்டது, நடுவில் ஒற்றைக் கல் வைத்த என் ஒட்டுப் பொட்டு.

அதை எடுத்துப் பெட்டியின் மேல் ஒட்டினேன். அண்ணனின் இடது கை விரல் தேடிப் போய், பொட்டின் கல்லைத் தொட்டு நின்றது. வலது கை நீளக் கையை நகர்த்தியது. அது வந்து விரலில் மெல்ல இடித்தது. லீவரைத் தட்டினார். கொஞ்சம் கரகரப்பு, பிறகு முதல் பாட்டு, முதல் எழுத்திலிருந்து. அவர் ஊசியைத் தூக்கினார், மறுபடி வைத்தார், மறுபடி தூக்கினார். அந்த ஒரே பாட்டின் தொடக்கத்தை அன்று பன்னிரண்டு தடவை கேட்டிருப்போம். ஒருவருக்கும் அலுக்கவில்லை. சாந்தி அக்கா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே சொன்னார், "கல்யாணமாகி இத்தன வருஷத்துல எம் பொட்ட ஒரு நாளும் தேடுனதில்ல. இனி மெஷினோடத மட்டும் தெனமும் தேடுவாரு பாரு."

மூன்றாம் பாட்டு

மூன்றாம் பாட்டைப் பற்றி நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ரெக்கார்டிலும் அது ஒவ்வோர் இடத்தில் இருக்கும். அதற்கு என்னிடம் பொட்டு இல்லை. மனதுக்குள் அது மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும், அவர் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்து "அண்ணே" என்றேன். ஊசி இறங்கும் அந்தச் சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பாட்டு, ஆரம்பத்திலிருந்து. அந்த நேரத்தில் சாந்தி அக்கா கெண்டினில் இருப்பார். வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவுண்டரில் வைத்தேன். குமரன் ஹெட்போனைக் கழற்றினான். பாஸ் கணக்கு மேசையிலிருந்து எழுந்து வந்து நின்றார். பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றோம். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

"ரெண்டாம் பக்கத்து மூணாவதாண்ணே?" என்று கேட்டேன். பொட்டிலிருந்து விரலை எவ்வளவு உள்ளே சாய்த்தால் எந்தப் பாட்டு என்று ஒவ்வொரு ரெக்கார்டாகப் படித்துக்கொண்டிருக்கிறாராம். இதற்கு அரை அரிசி அகலம் என்றார். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது போல, சுருக்கமாகச் சொல்லி வைத்தார். "நாளைக்கு என் கூட்டாளிங்க ரெண்டு பேரு வராங்க தங்கச்சி. வேற ஆளுகிட்ட பேச மாட்டாங்க, நீ கடையில இரு, பொட்டு ஒரு அட்டை வாங்கி வெச்சிரு."

ஆகவே என் இனத்தவரே, ஆகச் சிறந்த அப்கிரேட் எது என்று இனி யார் வந்து கேட்டாலும் அந்த விலை கூடிய பெட்டியைக் காட்டாமல் என் நெற்றியைத் தொட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன், பாஸ் அந்த நேரம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் சரி.