ஆணியில் இல்லாத சட்டை

எனக்குச் சந்தேகப் புத்தி என்பார் என் புருஷன். இருக்கட்டும். இரண்டரை வயசுப் பிள்ளை வாயே திறக்கவில்லை என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பகலெல்லாம் அவனைப் பார்த்துக்கொண்டது அடுத்த வீட்டிலிருக்கும் என் நாத்தனார். மரக்காணத்து உப்பளத்துக்கு நான் விடியும் முன்னே வேலைக்குப் போக வேண்டும். அவன் தூங்கும்போதே, கொலுசைக் கழற்றிவைத்துவிட்டு நழுவிவிடுவேன். "சொல்லிட்டுப் போனா அழுவான், நைசா கெளம்பிடு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அதட்டுகிறாளோ, கிள்ளுகிறாளோ, கையில் போனைக் கொடுத்துவிட்டு சீரியல் பார்க்கிறாளோ என்று உப்பு வாரும்போதெல்லாம் மனசை அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் அவன் முதுகைத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு தடமும் இருக்காது. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்போதுதான் என் சட்டை காணாமல் போக ஆரம்பித்தது. வெயிலுக்காக உப்பளத்தில் புடவைமேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வோம். சாயங்காலம் ஆணியில் மாட்டுவேன், காலையில் இருக்காது. ஒரு நாள் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது, ஒரு நாள் கோழிக்கூண்டில்.

"நான் வேலைக்குப் போறது உனக்குப் பொறுக்கலையா?" என்று நாத்தனாரிடம் கேட்டே விட்டேன்.

"உங்க அழுக்குச் சட்டை எனக்கு என்னாத்துக்கு அண்ணி? நாளையிலேர்ந்து உங்க பிள்ளைய நீங்களே பாத்துக்கங்க."

அவள் இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை. இருந்தும் விடவில்லை. அன்று சாயங்காலம் சட்டையை மாட்டிவிட்டு, கதவிடுக்கில் நின்று பார்த்தேன். என் பிள்ளை வந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். தொங்கிய சட்டைக்கையைப் பிடித்து இழுத்தான். சட்டையை மூட்டைக்குப் பின்னால் திணித்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"குடுடா" என்று கிட்டே போனேன்.

"அம்மா, போவாத."

அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரன் என் வீட்டிலேயே இருந்திருக்கிறான்.

நாத்தனாரிடம் போய் நடந்ததைச் சொல்லி, மறுபடி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டேன். "அவன்தான் எடுக்குறான்னு எனக்குத் தெரியும். சொன்னா நம்பியிருப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாளிலிருந்து அவனை எழுப்பி, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டே கிளம்பினேன். தெருவே எழுந்துகொள்ளும்படி அழுதான். எதிர்வீட்டுக்காரர்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்று விட்டேன்.

பிறகொரு நாள் அவனே சட்டையை இழுத்து வந்து நீட்டினான். "வருவியா?"

"சோறு துன்ன வந்துருவேன்."

வந்தபோது வாசலில் நின்றிருந்தான். உப்புப் பூத்த சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிச் சொன்னான்:

"அத்த, அம்மா வந்துடுச்சி."