ரெண்டால் வகுத்த சீட்

திருநெல்வேலிப் பக்கம் அண்ணன் தம்பி சொத்தைப் பிரிக்கிறார்கள் என்றால் முதலில் வக்கீலைப் பார்ப்பார்கள், அடுத்து சர்வேயர் சிவசைலத்தைப் பார்ப்பார்கள். ஆறடி ஒரு அங்குலம் உயரம், நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப்பையில் அளவு டேப். ஒரு முழம் வரப்புக்காக அரிவாளோடு நிற்கிறவர்களிடம்கூட அவர் சத்தம் போட்டதில்லை. அளப்பார், கூட்டுவார், வகுப்பார், கல்லை நடுவார். "கல்லு நின்னுட்டு. இனிமே கல்லுதான் பேசும், நீங்க ரெண்டு பேரும் பேசக் கூடாது" என்பார். முக்கால்வாசி இடத்தில் அது பலித்தது. மீதிக் கால்வாசிக்குப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கவே இருக்கிறது.

ஊருக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தவருடைய சொந்த வீட்டுக் கதை வேறு. டவுனில் அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு கிணறு, அந்தக் கிணற்றுக்கு நட்டநடுவே ஒரு சுவர். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் எழுப்பியது. இந்தப் பக்கம் ஒரு வாளி, அந்தப் பக்கம் ஒரு வாளி. சுவர் யார் பக்கம் அரை அடி தள்ளி நிற்கிறது என்று கோர்ட்டில் பத்தொன்பது வருஷம் வழக்கு நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் தண்ணீர் வற்றியது, பிறகு அப்பா போனார், அடுத்த வருஷமே சித்தப்பாவும் போனார். சித்தப்பா மகன் அம்பலவாணன், சிவசைலத்துக்கு ஐந்து வயது இளையவன், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு சொந்தமாக லாரி ஓட்டுகிறான். ரெண்டு பேருக்கும் இருபது வருஷமாகப் பேச்சு கிடையாது. ஏன் என்று கேட்டால் ரெண்டு பேருக்கும் தெரியாது. நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஆகையால் யாரோடும் எதையும் கூட்டாக வைத்துக்கொள்வதில்லை என்பது சிவசைலத்தின் கொள்கை. வாரப் பத்திரிகையைக்கூடப் பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொண்டதில்லை. அப்பேர்ப்பட்டவர் நாற்பத்திரண்டாவது வயதில், தொண்ணூற்று நாலாம் வருஷம், ஒரு பந்தயக் காரில் பாதிக்குச் சொந்தக்காரர் ஆனார் என்றால், காரணம் நேசையா.

நேசையா சாத்தான்குளத்துக்காரர். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். ஐந்தடி ஒரு அங்குலம். ஆனால் குரல் எட்டடி இருக்கும். சர்வே ஆபீஸில் அளவுக் கருவியை நிறுத்துகிற முக்காலியின் உடைந்த காலைப் பற்றவைக்கப் போன இடத்தில் பேச்சு வளர்ந்து, ரெண்டு பேருமே வாலிபத்தில் ரயிலேறிப் போய் சோழவரத்துக் கார் பந்தயத்தை வெயிலில் நின்று பார்த்தவர்கள் என்று தெரிந்துபோயிற்று. அவ்வளவுதான். முக்காலி பட்டறையிலேயே கிடந்தது, இவர்கள் டீக்கடையில் கிடந்தார்கள். அந்த வருஷம் நேசையாவுக்கு ஒரு பழைய ஃபியட் கார் கிடைத்தது. உடம்பு முழுக்கத் துரு, என்ஜின் மட்டும் ராஜா.

"வே, இந்த என்ஜினை வச்சு நாமளே ஒரு வண்டி கட்டுவோம். ஒத்தை சீட்டு வண்டி" என்றார் நேசையா.

சிவசைலம் ஒரு வாரம் தூங்கவில்லை. ஆசை ஒரு பக்கம், கிணற்றுச் சுவர் ஒரு பக்கம். கடைசியில் முத்திரைத்தாள் வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாம் சரிபாதி என்று எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, டீக்கடைக்காரரைச் சாட்சி போடச் சொன்னார். நேசையா சிரித்துக்கொண்டே போட்டார். இவர் சிரிக்கவில்லை. அவருக்கு இருந்த ஒரே நண்பர் நேசையா. அந்த ஆளையும் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவோமோ என்று அவருக்கு நிஜமாகவே பயம்.

அந்தப் பயம்தான் வண்டியைக் கட்டியது என்று சொல்ல வேண்டும். இரும்புக் குழாயில் நேசையா சட்டம் பற்றவைக்க, சிவசைலம் மட்டம் பார்த்தார். ஒரு சக்கரத்துக்கு நாலு நட்டு என்றால் ரெண்டை இவர் முடுக்குவார், ரெண்டை அவர் முடுக்க வேண்டும். நிறம் விஷயத்தில் நேசையா சிவப்பு என்றார், இவர் பச்சை என்றார். சிவசைலம் டேப்பை எடுத்து, மூக்கிலிருந்து வால் வரை நடுக்கோடு கிழித்துவிட்டார். பட்டறைக்கு இடப்பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அது சிவப்புக் கார். வலப்பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பச்சைக் கார். எதிரே வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள்.

இந்த லட்சணத்தில்தான் சீட் வந்தது.

"லாரியில இருக்க மாதிரி ரெயில் போட்டுருவோம். வேணும்னா முன்னால தள்ளிக்கிடலாம், பின்னால தள்ளிக்கிடலாம்" என்றார் நேசையா.

"அது மட்டும் வேண்டாம் வே. இன்னைக்கு நீரு முன்னால தள்ளுவீரு, நாளைக்கு நான் பின்னால தள்ளுவேன், மறுநாள் எவன் தள்ளுனான்னு சண்டை வரும். எல்லைக்கல்லு அசையக் கூடாது."

"பெறவு எப்படி வைக்க?"

சிவசைலம் நேசையாவைச் சுவரோரம் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி அளந்தார். தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். தன்னை அளந்தார். நூற்றுப்பன்னிரண்டு. ரெண்டையும் கூட்டினார், ரெண்டால் வகுத்தார். "நூத்திரெண்டு. உமக்கும் நஷ்டமில்ல, எனக்கும் நஷ்டமில்ல" என்றார். நேசையா வாயைத் திறந்தார். சிவசைலத்தின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நூற்றிரண்டாவது சென்டிமீட்டரில் சீட்டை வைத்து நாலு மூலையிலும் பற்றவைத்தாயிற்று.

நியாயமான சீட்தான். அதில் உட்காரத்தான் ஆளில்லை. சிவசைலம் உட்கார்ந்தால் முட்டி ரெண்டும் ஸ்டியரிங்கில் முட்டும். நேசையா உட்கார்ந்தால் கிளட்சுக்குக் கால் எட்டாது. ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை, பேட்டை பட்டறைத் தெருவில் ஆளுக்கு ஒரு நடை ஓட்டிவிட்டு இறங்கியபோது நேசையா, "எப்படி இருக்கு வே?" என்று கேட்க, சிவசைலம் "கச்சிதமா இருக்கு" என்றார். "உமக்கு?" "எனக்கும் கச்சிதந்தான்."

நேசையாவுக்குச் சரியாக இருக்கும்போது தனக்கு மட்டும் இடிக்கிறது என்று எப்படிச் சொல்வது? அப்பாவும் ஒரு அரை அடியில்தான் ஆரம்பித்தார். சொல்லவே கூடாது என்று சிவசைலம் பல்லைக் கடித்துக்கொண்டார். முட்டியில் காய்த்துப்போன இடத்துக்கு மனைவி சொர்ணாம்பாள் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். "வாரா வாரம் ஞாயித்துக்கிழமை பாத்து எந்த வரப்புலதான் விழுதீங்க?" என்று கேட்டாள். அவர் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். அடுத்த வாரம் வேறு கிராமத்தின் பெயரைச் சொன்னார்.

அங்கே நேசையா ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ரெண்டு அங்குலம் வளர்ந்துகொண்டிருந்தார். சிவசைலத்தின் கண் அளவெடுத்துப் பழகிய கண், அதைக் கவனிக்காமல் இல்லை. கர்த்தரின் கிருபை என்று விட்டுவிட்டார்.

ஜூன் மாதம் மதுரையிலிருந்து ஒரு கார் கிளப்காரர்கள், கயத்தாறு பக்கம் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்ட அனுமதி வாங்கினார்கள். யாரும் வரலாம், பந்தயம் இல்லை, வண்டிக்குப் பதினைந்து நிமிஷம். சிவசைலம் உடனே வகுத்தார். ஏழரை, ஏழரை. ஏழரை என்ற எண் அவருக்குப் பிடிக்கத்தான் இல்லை, வகுத்தால் வருவதை என்ன செய்ய? இவர்கள் வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் விட முடியாது. லாரிக்குச் சொல்லியாயிற்று என்றார் நேசையா. விடியற்காலையில் பட்டறை வாசலில் லாரி வந்து நின்றது. ஸ்டியரிங்கில் அம்பலவாணன்.

"என்ன வே இது?" என்று சிவசைலம் பல்லிடுக்கில் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வேற எவன் வாரான்? நானே கோயிலுக்குப் போகாம வாரேன். ஏறும்."

நடுவில் நேசையா உட்கார்ந்தார். லாரி தாழையூத்தைத் தாண்டியது.

"அண்ணாச்சி, கண்ணாடிய ஏத்தணுமான்னு அவுகள்ட்ட கேளுங்க" என்றான் அம்பலவாணன்.

"காத்து வரட்டும்னு சொல்லும் வே" என்றார் சிவசைலம்.

"அண்ணாச்சி, கங்கைகொண்டான்ல டீ குடிக்கணுமான்னும் கேளுங்க."

"சீனி கம்மியாச் சொல்லச் சொல்லும்."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான இருக்கு!" என்று நேசையா கத்தினார்.

ஓடுதளத்தில் இருபது வண்டிகள் நின்றன. தூரத்தில் ஒரு தகர டிரம். அதுவரை போய், அதைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். காசு சுண்டிப் போட்டதில் முதல் ஏழரை சிவசைலத்துக்கு விழுந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முட்டிகளை அகட்டி மடக்கி உள்ளே இறங்கினார். விசில் ஊதினார்கள். வண்டி கிளம்பிய கிளம்பலில் அவருக்கு நாற்பத்திரண்டு வயது மறந்துபோயிற்று, தாலுகா ஆபீஸ் மறந்துபோயிற்று. அவர் வாய்விட்டுக் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. அவ்வளவு சந்தோஷம்.

டிரம் வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தார். அது கால்வாசி சுற்றி, இடது முட்டியில் இடித்து நின்றது. மறுபடி ஒடித்தார். முட்டிதான் வலித்தது. வண்டி டிரம்மை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, நேர்கோட்டில் தார் முடிந்து, புழுதி முடிந்து, உடைமுள் புதருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நேசையா ஓடிவந்தார். பாதி வழியில் அவர் வலது கால் சட்டென்று ரெண்டு அங்குலம் குட்டையானது. செருப்புக்கு அடியில் ஒட்டவைத்திருந்த லாரி டயர்த் துண்டு கழன்று தனியாகக் கிடந்தது. மீதித் தூரத்தை நொண்டிக்கொண்டே வந்தார்.

"அடிபட்டுச்சா வே?"

"படல." சிவசைலம் முள்ளிலிருந்து தலையை நீட்டி அந்தச் செருப்பைப் பார்த்தார். "இது என்ன வே?"

"நீரு ஏன் வே திருப்பல?"

"முட்டி இடிச்சு!"

"கச்சிதம்னு சொன்னீரே!"

"நீரு மட்டும் என்ன சொன்னீரு? டயரைக் காலுல கட்டிக்கிட்டு, கச்சிதமாம்!"

"எட்டலன்னு சொன்னா விட்டுருவீரா? கல்லு அசையக் கூடாதும்பீரு! அஞ்சு வாரமா நொண்டிக்கிட்டுத் திரியுதேன் வே, உம்ம சரிபாதிக்காக!"

"அப்பம் பிரிச்சிருவோம்!" என்றார் சிவசைலம். "என்ஜினை நீரு எடுத்துக்கிடும், சட்டத்தை நான் எடுத்துக்கிடுதேன். இன்னையோட முடிஞ்சு!"

சொன்ன பிறகுதான் குரல் காதில் விழுந்தது. அது அவர் குரல் இல்லை. அச்சு அசல் அப்பாவின் குரல்.

நேசையாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "செய்யும். அளந்து பிரிச்சுக் குடுத்துரும். உமக்கு அது ஒண்ணுதான வரும்" என்றார், எட்டடிக் குரல் இல்லாமல்.

சிவசைலத்தின் கை, கோபம் வந்தால் போகிற பழக்கத்தில், சட்டைப்பை டேப்புக்குப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகப் போயிற்று. கையை எடுத்துவிட்டார்.

அதற்குள் கிளப்காரர் வந்தார். "இன்னும் ஒம்போது நிமிஷம் இருக்கு. வண்டியை எடுங்க முதல்ல" என்றார். நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். யாராவது ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டுமே என்று, பக்கத்தில் நின்ற அம்பலவாணன் உள்ளே இறங்கி உட்கார்ந்தான். வண்டி பின்னால் உருண்டு தாரில் ஏறியது.

சிவசைலம் பார்த்தார். அம்பலவாணனின் முட்டி எதிலும் இடிக்கவில்லை. கால் மூன்று பெடலிலும் படிந்திருந்தது. ஸ்டியரிங் கையில் தானாக உட்கார்ந்திருந்தது. ஐந்தடி ஏழு அங்குலம். டேப்பே வேண்டாம், நூற்றிரண்டு சென்டிமீட்டர், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மூன்று மாதம் ரெண்டு பேர் சேர்ந்து கட்டிய வண்டி சித்தப்பா மகனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

நேசையாவும் அதைப் பார்த்துவிட்டார்.

அம்பலவாணனுக்கு இறங்க மனமில்லை. ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சி, நான் ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமான்னு அவுகள்ட்ட கேளுங்க" என்றான்.

"என் பாதிக்குச் சரி. அந்தப் பாதிக்கு நீயே கேட்டுக்க" என்றார் நேசையா. "நான் என்ன தபால்காரனா?"

கிளப்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்பலவாணன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கழுத்து சிவந்துபோயிற்று. இறங்குவதற்காகப் பக்கத்துக் குழாயில் கையை ஊன்றினான்.

சிவசைலம் வலிக்கிற முட்டியை மடக்கி, வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி அவன் மடியில் வைத்தார்.

"கிளட்ச் கொஞ்சம் பிடிக்கும்லே," என்றார். "பைய விடு."

"சரிண்ணே" என்றான் அம்பலவாணன். குனிந்த தலையோடு ஹெல்மெட்டை அவசர அவசரமாக மாட்டிக்கொண்டான். முன்பின்னாக மாட்டியிருந்தான். நேசையாதான் அதைத் திருப்பிவிட்டார்.