மூன்றா, நான்கா

என் வீட்டுக்காரருக்கு ஊரில் 'எதுகையார்' என்று பெயர். பத்திரிகை அலுவலகத்தில் இரங்கல் விளம்பரங்களுக்கு இரண்டு வரிப் பாட்டு எழுதுவதுதான் வேலை. இரண்டு வரியிலும் முதல் சொல்லின் இரண்டாம் எழுத்து ஒன்றாக அமைய வேண்டும், அதுதான் எதுகை; இவருக்கோ அதற்கடுத்த எழுத்தும் ஒத்து வர வேண்டும். அமையாவிட்டால் செத்தவரையே மாற்றிவிடுவார்.

படுக்கையில் நிம்மதியாகப் போன தையல்காரர் ஒருவரைக் கடலில் மூழ்கடித்த புண்ணியவான் இவர். 'உடல்' வந்துவிட்டதாம், 'கடல்' வராமல் எப்படி? தையல்காரரின் மகன்கள் அலுவலகத்துக்கே வந்து சட்டையைப் பிடித்தார்கள். கிழிந்ததை நான்தான் தைத்தேன்.

ஒருமுறை பிழை திருத்துபவர் 'காற்று'க்குப் 'பாட்டு' போட்டுவிட்டார்.

"காதுக்கு ஒண்ணாத்தானே சார் கேக்குது?"

"காதுக்கு என்னய்யா தெரியும்? கிட்டத்தட்ட எதுகைங்கறது கிட்டத்தட்ட புருஷன் மாதிரி. எடுய்யா அதை!"

வீட்டில் கிட்டத்தட்டப் புருஷனாக இருப்பவர் பேசுகிற பேச்சு!

என் அப்பா போன அன்று, அழுது அழுது மூக்கடைத்துக் கிடந்தேன். எதுகையார் காகிதத்தோடு வந்து தொண்டையைச் செருமினார்.

"மூன்று மக்கள் கண்டவரே, சான்று போல நின்றவரே! எப்படி?"

"அப்பாவுக்கு நாங்க நாலு பேரு."

"'நான்கு'க்கு எதுவும் சுத்தமா அமையல. மூணுன்னா அம்சமா இருக்கு."

"அப்ப யாரைத் தூக்கினீங்க?"

மனுஷன் விட்டத்தைப் பார்த்தார். "மத்தவங்கன்னா சண்டைக்கு வருவாங்க. நீ நம்ம ஆளு, அனுசரிச்சுப் போவே."

கடைக்குட்டி என்று என்னைத் தோளிலேயே தூக்கித் திரிந்த அப்பா!

"எங்கப்பாவுக்கு நான் பொண்ணே இல்லேன்னு பேப்பர்ல போட்டுட்டு, இந்த வாசப்படி ஏறாதீங்க!"

காகிதத்தை மடித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விட்டார். போனவர் எதுகையையா விடப்போகிறார்? நான் நம்பவில்லை.

மறுநாள் பத்திரிகையைப் பிரித்தேன்.

'நான்கு மக்கள் கண்டவரே, பாங்குடன் வாழ்ந்து சென்றவரே!'

துக்கம் கேட்க வந்த பிழை திருத்துபவருக்கு அந்த வரிகளைப் பார்த்து வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன சார், 'நான்கு'க்குப் 'பாங்கு'ன்னு போட்டுட்டீங்க? 'ன்' வேற, 'ங்' வேற ஆச்சே. கிட்டத்தட்டதானே?"

இவர் தலையை நிமிர்த்தினார். அப்போதுதான் கவனித்தேன், கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"நேத்து மாமாவை நெனச்சு அழுது, அடைச்ச மூக்கோட சொல்லிப் பாத்தேன்யா," என்றார். "ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு."