வீரணன் சைக்கிளைச் செய்தது யார்?

பரமசிவம் முதலாளி பொய் சொல்கிறார்.

போன மாதம் தேனியில் அவர் புதுக் கடை திறந்தார். வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து, அதற்குள் ஒரு பழைய சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். பக்கத்தில் பலகை. 'தேனியின் முதல் பிக்சட் வீல் சைக்கிள். கடை உரிமையாளர் தம் கையால் செய்தது.'

அந்தச் சைக்கிளைச் செய்தவன் நான். போட்டி மைதானத்தில் ஹாண்டிலைப் பிடித்து வெளியே தள்ளியதைத் தவிர அவர் கை அதில் வேறு எதற்கும் பட்டதில்லை.

'முதல்' என்பதும் பொய். ப்ரீவீல் வருமுன் ஓடிய வண்டிகள் எல்லாம் பிக்சட் வீல்தான். இப்போது சைக்கிள் தொழிலுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். ப்ரீவீல் வண்டியில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும். பிக்சட் வீலில் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். பெடலை நிறுத்தினால் வண்டி நிற்கும். பின்னால் மிதித்தால் வண்டி பின்னால் போகும். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பரமசிவம் முதலாளியும் வைத்துக்கொள்ளட்டும்.

1. சிம்னி

இது யுத்தத்துக்கு முந்திய சமாசாரம். நான் அப்போது பரமசிவம் முதலாளியின் வாடகை சைக்கிள் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தேன். எதிர்ச்சாரியில் சாலமோன் முதலாளியின் கடை. அரிக்கேன் விளக்கு, விளக்குச் சுடரை மூடும் கண்ணாடிச் சிம்னி, மற்றக் கண்ணாடிச் சாமான் வியாபாரம். சின்னமனூர், உத்தமபாளையம் கடைகளுக்கு அங்கிருந்துதான் சிம்னி போகும்.

பஸ்ஸில் ஏற்றினால் பாதி உடையும். அதனால் அல்லிநகரத்து வீரணன் கூடையில் வைக்கோல் பரப்பி, சிம்னிகளை அடுக்கி, தலையில் சுமந்து நடந்து போவான். எட்டு வருஷமாக அதுதான் அவன் பிழைப்பு. எட்டு வருஷத்தில் அவன் உடைத்தது ஒன்று. அதுவும் கூடையை இறக்கும்போது கடைக்காரர் கைதவறி விட்டது.

நடந்து போவதால் சரக்கு சேர இரண்டு நாள் ஆகிறது என்று சாலமோன் முதலாளிக்குக் குறை. ஒருநாள் எங்கள் கடைக்கு வந்தார்.

"பரமசிவம், சிம்னி கொண்டுபோக சைக்கிள்காரன் ஒருத்தன் வேணும்யா."

"நம்ம மச்சினன் செல்லையா இருக்கான். புது வண்டி. காத்து மாதிரி போவான்."

"காத்து மாதிரி போறவனை வச்சு நான் என்ன செய்ய? கண்ணாடியைப் பொடியாக்கியா விக்கப் போறேன்? மெதுவா ஓட்டுறவன்தான் வேணும். ஒரு ஸ்லோ ரேஸ் வையும். ஜெயிச்சவனுக்கு வேலை. சைக்கிள் மட்டும் அவன் கொண்டாரணும்."

சந்தைத் திடலில் பதினைந்து நாள் கழித்துப் போட்டி என்று முடிவாயிற்று. நடுவர் பரமசிவம் முதலாளி. மச்சினன் ஓட்டும் போட்டிக்கு அவரே நடுவராக இருக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் விசில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

2. புளியமரத்தில் சாய்த்து வைத்த வண்டி

மறுநாள் மத்தியானம் வீரணன் வந்தான். தலையில் கூடை இல்லாமல் அவனை நான் பார்த்தது அன்றுதான்.

"அண்ணே, இனிமே தலைச்சுமை வேணாமுன்னு மொதலாளி சொல்லிட்டாக. சைக்கிளுதானாம்."

"ஒனக்கு சைக்கிள் விடத் தெரியுமா?"

"தெரியாது."

"வண்டி இருக்கா?"

"இருக்குண்ணே. அங்கன புளியமரத்துல சாச்சு வச்சிருக்கேன். மிதிச்சாப் போகல."

போய்ப் பார்த்தேன். எஸ்டேட் கிளார்க் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கழித்துப்போட்ட சீமை வண்டி. அநேகமாகச் சும்மா கொடுத்திருக்கிறார். பிரேம் நல்ல பிரேம். மற்றது எல்லாம் துரு. ப்ரீவீலுக்குள் இருக்கிற சின்னப் பற்கள் செத்துப்போய், முன்னால் மிதித்தாலும் பின்னால் மிதித்தாலும் வெறுமனே சுற்றியது. வீரணன் அந்த வண்டியை மிதித்துத்தான் சைக்கிள் கற்றுக்கொள்ளப் பார்த்திருக்கிறான்.

"புது ப்ரீவீல் போடணுமே, வீரணா."

"அதுக்கு வழியிருந்தா இந்த வண்டிய ஏண்ணே வாங்குறேன்?"

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. ஸ்லோ ரேஸுக்கு ப்ரீவீல் எதற்கு? மெதுவாகப் போகும்போது வண்டி சாய்வதே, பெடலுக்கும் சக்கரத்துக்கும் பிடிப்பு விட்டுப்போவதால்தான். பிக்சட் வீலில் பிடிப்பு விடாது. நிற்கலாம். ஒரு சாண் பின்னால் வந்து மறுபடி முன்னால் போகலாம். நிதானம் மட்டும் இருந்தால் போதும். நிதானம் வீரணனிடம் எட்டு வருஷச் சேமிப்பு இருந்தது.

3. வேலை

பரமசிவம் முதலாளி மத்தியானம் வீட்டுக்குப் போனால் சாப்பிட்டு, தூங்கி, நாலு மணிக்குத்தான் வருவார். வேலை முழுவதும் அந்த நேரத்தில், கடைக்குப் பின்னால் நடந்தது. அவருக்கு இது தெரியாது. தெரியாத வேலையை அவர் எப்படித் தம் கையால் செய்தார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

மட்கார்டு, செயின் கவர், பின்பிரேக், பெல் எல்லாவற்றையும் கழற்றினேன். முன்பிரேக்கை விட்டுவைத்தேன். செத்த ப்ரீவீலைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய இரும்புப் பெட்டியில் கிடந்த பிக்சட் பல்சக்கரம் ஒன்றைத் தேடி எடுத்தேன். பற்கள் அதிகம் உள்ள சக்கரம். பற்கள் கூடினால் வண்டி மெதுவாகப் போகும், மிதிக்க லேசாக இருக்கும். அதை ஹப்பில் திருகினேன். செயின் நேராக ஓடவில்லை. அச்சில் ஒரு பக்கத்து வாஷரை மறுபக்கம் மாற்றினேன். இப்போது ரிம் நடுவில் இல்லை. ஸ்போக்கை முறுக்கி ரிம்மை நடுவுக்கு இழுத்து, கோட்டம் எடுத்தேன். செயினில் தொய்வே இல்லாமல் பின்சக்கரத்தை இழுத்து வைத்து நட்டை முடுக்கினேன். பிக்சட் வீலில் செயின் தொங்கினால் வண்டி உதறும்.

வீரணன் ஏறினான். சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் மிதித்தான். பல்சக்கரம் மரை கழன்று வெளியே வந்தது. வீரணன் மல்லாக்க விழுந்தான்.

விழுந்த இடத்திலிருந்தே சொன்னான்: "பின்னாடி போகுமுன்னு சொன்னீகளேண்ணே. நான் மட்டுந்தான் போயிருக்கேன். வண்டி இங்கனயே கெடக்கு."

தப்பு என்னுடையது. ப்ரீவீலுக்கு வெட்டிய மரை அது. முன்னால் மிதித்தால் இறுகும். பின்னால் மிதித்தால் கழலும். பிக்சட் வீலுக்கென்று செய்த ஹப்பில் எதிர்ப்பக்கம் திருகும் மரையில் ஒரு லாக் ரிங், அதாவது பூட்டு வளையம், இருக்கும். இதில் அது கிடையாது. பெடல் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டில் போடுகிற லாக் ரிங்கை எடுத்து வைத்துப் பார்த்தேன். மரை ஒத்துப்போயிற்று. பல்சக்கரத்துக்கு மேல் அதைத் திருகி முடுக்கினேன். அரை நாள் தாங்கியது. பிறகு அதுவும் நெகிழ்ந்தது.

மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் லாக் ரிங்குக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பொருளை வைத்து முடுக்கினேன். அதன் பிறகு அது அசையவில்லை. அந்தப் பொருள் என்ன என்பதை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை.

வீரணன் ஆறு நாளில் ஓட்டக் கற்றான். கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பமாட்டான். கூடை சுமந்த பழக்கம். சைக்கிளோடு சேர்ந்து முழுசாகத் திரும்பி, "என்னண்ணே?" என்பான்.

4. போட்டி

திடலில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். முப்பது கஜம். ஆறு பேர். ஆளுக்கு ஒரு சிம்னி கட்டி ஓட்டச் சொல்வோமா என்று சாலமோன் முதலாளி யோசித்தார். ஆறு சிம்னி வீணாகும் என்று விட்டுவிட்டார்.

பரமசிவம் முதலாளி விதியை உரக்கச் சொன்னார். மூன்றே விதி. கால் தரையில் படக்கூடாது. பக்கத்துக் கோட்டைத் தாண்டக்கூடாது. கடைசியாக வருகிறவனுக்கு வெற்றி. இதைக் கேட்டவர்கள் இருநூறு பேராவது இருக்கும்.

விசில் ஊதியதும் மூன்று பேர் கால் ஊன்றினார்கள். ஒருவர் பக்கத்து ஆள்மேல் சாய்ந்து கோட்டைத் தாண்டினார். செல்லையா நன்றாகவே ஓட்டினார், அதை மறைக்க மாட்டேன். ஹாண்டிலை இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டிப் போனார். வீரணன் பத்தாவது கஜத்தில் நின்றுவிட்டான். ஒரு சாண் பின்னால் வந்தான். ஒரு சாண் முன்னால் போனான். மறுபடி நின்றான்.

கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: "ஏலே, வண்டி மூச்சு விடுது பாருங்கலே!"

"ஏ வீரணா, அப்படியே திரும்பி அல்லிநகரம் போயிராதப்பா!"

வீரணன் சிரிக்கவில்லை. கழுத்தும் ஆடவில்லை. செல்லையா சிரித்தார். சிரித்ததில் வண்டி ஓடி, முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டது. வீரணன் அப்போதும் பத்தாவது கஜத்தில்தான் இருந்தான். அதன் பிறகு சாவகாசமாக ஓட்டி வந்து கோட்டைத் தொட்டான்.

பரமசிவம் முதலாளி விசில் ஊதினார். "செல்லாது. வண்டி பின்னாடி போச்சு."

வீரணன் வண்டியில் இருந்தபடியே கேட்டான்: "கால் தரையில படலையேய்யா. கோட்டையும் தாண்டலையே."

"பின்னாடி போறது சைக்கிளே இல்லடா. அது என்னமோ ராட்டினம்."

சாலமோன் முதலாளி குழம்பினார். "எனக்கு வண்டியைப் பத்தி என்னய்யா தெரியும்? தெரிஞ்சவன் யாராச்சும் சொல்லுங்க."

பரமசிவம் முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏலே சின்னச்சாமி. நீ ரிப்பேர்காரன். நீ சொல்லு. சைக்கிள்னா பின்னாடி போகுமா?"

வீரணனும் என்னைப் பார்த்தான். கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

நான் சொன்னேன்: "போகாது மொதலாளி."

அவர் கடையில் எனக்கு வேலை. வீட்டில் அஞ்சு உருப்படி. அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். சொன்னால் வார்த்தை திரும்பி வந்துவிடாது. பின்னால் போகும்படி அந்த வண்டியைச் செய்தவன் நான். போகாது என்று சொன்னவனும் நான்.

பரமசிவம் முதலாளி ஹாண்டிலைப் பிடித்து வண்டியை வெளியே தள்ளினார். வீரணன் இறங்கி, அதை உருட்டிக்கொண்டு போனான்.

5. பிறகு

செல்லையா இரண்டு மாதம் சிம்னி கொண்டுபோனார். வீரபாண்டி இறக்கத்தில் ஒரு கூடை, உத்தமபாளையத்தில் ஒரு கூடை உடைந்தது. சாலமோன் முதலாளி மறுபடி பஸ்ஸில் ஏற்றினார். அதிலும் உடைந்தது. வீரணனைத் தேடி ஆள் அனுப்பினார். வீரணன் அதற்குள் போடி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டான். மலையில் சைக்கிள் எதற்கு என்று, போகிற அன்றே வண்டியை விற்றுவிட்டான். வாங்கியவர் பரமசிவம் முதலாளி. பழைய இரும்பு விலைக்கு.

சைக்கிள் இல்லை என்று சொன்னதை எதற்கு வாங்கினார் என்று அப்போது நான் யோசித்தேன். இப்போது தெரிகிறது.

மறுவருஷம் அங்கே வேலையிலிருந்து நின்று, பெரியகுளத்தில் தனியாகக் கடை போட்டேன். அந்த வண்டிக்கு அப்புறம் நான் பிக்சட் வீல் செய்யவில்லை. போன தை மாதம் போடி சந்தையில் வீரணனைப் பார்த்தேன். தலையில் ஏலக்காய் மூட்டை. கழுத்து இன்னும் ஆடவில்லை. மன்னிப்பாக என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அண்ணே, அந்த வண்டி இன்னும் பின்னாடி போகுதாண்ணே?"

"போகும்டா."

"அன்னைக்கு அதச் சொல்லியிருக்கலாமுல்ல" என்றான். மூட்டையோடு முழுசாகத் திரும்பி நடந்தான்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு மூன்று விஷயம். லாக் ரிங் இல்லாமல் பிக்சட் வீல் கொடுக்காதீர்கள். முன்பிரேக்கைக் கழற்றாதீர்கள். உங்கள் கையால் செய்ததைப் பற்றி இருநூறு பேர் முன்னால் கேட்டால், செய்தேன் என்று சொல்லுங்கள். முதல் இரண்டையும் நான் வேலையில் கற்றேன். மூன்றாவதைக் கற்றதற்கு விலை கொடுத்தவன் வீரணன்.

பரமசிவம் முதலாளி அவர்களே, நம் சைக்கிள் தொழில் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு அந்தச் சைக்கிளைக் கொண்டு வாருங்கள். லாக் ரிங்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் சபையில் சொல்லுங்கள். நான் வைத்தது என்ன என்று எழுதி, உறையில் இட்டு ஒட்டி, இந்தச் சங்கப் பத்திரிகையின் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு எல்லார் முன்னிலும் கழற்றிப் பார்ப்போம்.

சரியாகச் சொல்லிவிட்டால் அது உங்கள் சைக்கிள்தான், நான் ஒத்துக்கொள்கிறேன். அப்போது இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும். நீங்களே பின்னால் போகும்படி செய்த வண்டியை, பின்னால் போனது என்று எந்த விதியின்படி தள்ளினீர்கள்?

அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் தப்பான பதில் சொன்னேன். அதை இதோ அச்சில் ஒத்துக்கொண்டுவிட்டேன். வீரணனைக் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன், முன்வரிசையில் இருப்பான். என்னிடம் சொல்ல வேண்டாம். அவனைப் பார்த்துச் சொல்லுங்கள்.