இரண்டு முறை இறக்கித் தைத்த பேண்ட்

கோவிட் முடிந்து ஃபேக்டரிகள் மறுபடி முழுமூச்சாக ஓட ஆரம்பித்த சமயம். நான் எங்கள் ஊர் ரெங்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, குளுவாங் பக்கம் ஒரு துணி ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தையல் வரிசைக்கு சூப்பர்வைசர். வெளிநாட்டுக்குப் போகும் குழந்தை உடுப்புகள்தான் எங்கள் வரிசையில் ஓடும்.

என்னிடம் மியன்மாரிலிருந்து ஏஜெண்ட் கொண்டுவந்து விட்ட பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அதில் ஒருத்திக்கு நூல் வெட்டும் வேலை. பாஸ்போர்ட்டில் வயது இருபத்திரண்டு. முகத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்தவள் மாதிரி இருப்பாள். நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அவர்களுடைய பாஸ்போர்ட்டெல்லாம் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஹாஸ்டலுக்கும் ஃபேக்டரிக்கும் வேன்தான். ஞாயிற்றுக்கிழமைகூட கேட்டைத் தாண்ட முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

வந்த ஐந்தாவது மாதம் அவளுடைய யூனிஃபார்ம் பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. புதுசு லேசில் தரமாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மடிப்பைப் பிரித்து, கொஞ்சம் இறக்கித் தைத்துக் கொடுத்தேன். நாலு மாதம் போனதும் மறுபடியும் இறக்க வேண்டி வந்தது. "அலமாக், இருபத்திரண்டு வயசுல யாரும்மா இப்படி வளருவாங்க?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கிண்டல் பண்ணினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கேலியை விட்டுவிட்டு நிஜமாகவே கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம்தான் ஆடிட் வந்தது. உடுப்பு வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்து, வேலை செய்கிறவர்களில் சிலரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார். முந்தின நாள் மேனேஜர் என்னிடம், "அக்கா, அந்தச் சின்னப் பொண்ண கொஞ்சம் பெரிய ஆளா காட்டுங்க லா. ஒரு ஆள் மாட்டினா ஆர்டர் போச்சு. நீங்க, நானு, எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார்.

காலையில் அவளுக்குக் கொண்டை போட்டு, என் லிப்ஸ்டிக்கைப் பூசி, என்னுடைய குதிகால் செருப்பையும் மாட்டிவிட்டேன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். மாட்டிக்கொண்டால் இமிகிரேஷன்காரர்கள் பிள்ளையைப் பிடித்து முகாமில் அடைத்துவிடுவார்களே என்ற பயம் வேறு.

அந்த அம்மா அவளையே கூப்பிட்டார். அவருக்கு மலாய் தெரியாது. மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். முதல் கேள்வியே வயது. மலாயில் கேட்டேன். அவள் புறங்கையால் லிப்ஸ்டிக்கை அழுத்தித் துடைத்தாள்.

"பதினாலு," என்றாள் மலாயில். "அக்கா, அவங்ககிட்ட சொல்லுங்க. வரமாட்டேன்னு அழுதேன், ஏஜெண்ட் விடல. எனக்கு அம்மாகிட்ட போகணும்."

ஆங்கிலத்தில் நான் சொன்னது: "இருபத்திரண்டு. வீட்டு ஞாபகம் வந்து கொஞ்சம் அழுகிறாள்."

அந்த அம்மா பரிவாகத் தலையாட்டிவிட்டு எழுதினார். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நாள் முழுக்க சைஸ் டேக் பார்க்கிறவள், எண் தெரியாமல் இருக்குமா? தாளில் இருந்த இருபத்திரண்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடுத்த கேள்விகளுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள்.

இதோடு விட்டேனா? "என்ன சொன்னா?" என்று மேனேஜர் கேட்டபோது, நல்லவேளை நான் சமாளித்துவிட்டேன் என்று நடந்ததை அப்படியே ஒப்பித்தேன். பாராட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன். வெட்கக்கேடு.

மறுநாள் அவள் வரவில்லை. விடிவதற்குள் ஏஜெண்ட் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனதாக ஹாஸ்டல் பெண்கள் சொன்னார்கள். "வேற இடத்துக்கு மாத்தியாச்சு. நீங்க உங்க வேலைய பாருங்க அக்கா," என்றார் மேனேஜர். எங்கே என்று கடைசிவரை சொல்லவில்லை. அவளுடைய பேண்டும் என் செருப்பும் என் நாற்காலியில் இருந்தன. மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன். இனி இறக்க அதில் துணி இல்லை.

இரண்டு மாதம் தூக்கமில்லாமல் கிடந்து, வேலையை விட்டுவிட்டுத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேர் என்ன?" என்றார். பாஸ்போர்ட்டில் இருந்த பெயரைச் சொன்னேன். வயதே பொய்யென்றால் அந்தப் பெயர் மட்டும் அவளுடையதாக இருக்குமா? ஒன்பது மாதம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை வாங்கியிருக்கிறேன், உன் சொந்தப் பெயர் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. விசாரித்தார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண், தன் வாயால் சொன்ன வயது, ஆடிட்டில் குறையில்லை என்று பதில் வந்தது. எல்லாம் நான் சொன்ன வார்த்தைகள்தான்.

இப்போது அவள் எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கடையில் குழந்தை உடுப்பை எடுத்தால் என் கை தானாக மடிப்பைத் தடவுகிறது, திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். அந்தப் பிள்ளை தைரியத்தைக் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை வாய் திறந்து உதவி கேட்டாள். கேட்ட இடம் நானாகப் போய்விட்டது.